காப்பி 100% ஆயிடுச்சு, அப்புறம் எதுக்கு வெயிட்டிங்? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளை வரிசையா படிச்சா ஒரே குறைதான் வேற வேற வேஷத்துல வந்திருக்கு. டிஸ்க்ல எழுதுறது ஸ்லோவா இருக்கு, இல்லன்னா ஸ்லோவா இருக்க வேண்டியது சந்தேகப்படுற அளவுக்கு வேகமா இருக்கு. அதனால மத்ததையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: பென்டிரைவ்ல பெரிய வீடியோ ஃபைல் காப்பி பண்ணா சர்ருன்னு ஓடி 100% காட்டிடுது, ஆனா எஜெக்ட் கொடுத்தா நிமிஷக்கணக்கா நிக்குது, சில சமயம் திறந்து வச்சிருக்கிற மத்த ப்ரோக்ராமும் சேர்ந்து தொங்குது. லினக்ஸ்தான் யூஸ் பண்றேன். பென்டிரைவ் பழுதா, கெர்னல் பழுதா சார்?

ரெண்டும் பழுதில்ல, அந்த 100% தான் பொய். ஒரு ப்ரோக்ராம் "இதை எழுது"ன்னு ரைட் கால் போட்டா கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) அந்த டேட்டாவை டிஸ்குக்குக் கொண்டுபோறதில்ல, ராம்ல இருக்கிற பேஜ் கேஷ்ல (டேட்டாவை பேஜ் பேஜா துண்டு போட்டு தற்காலிகமா வைக்கிற இடம்) ஒரு காப்பி எடுத்து வச்சு, அந்த பேஜ் மேல "டர்ட்டி"ன்னு, அதாவது இன்னும் டிஸ்க்ல இறங்கலன்னு ஒரு கொடி போட்டுட்டு, "ஆச்சு, நீ போ"ன்னு சொல்லிடும். தபால் பெட்டியில லெட்டரைப் போட்டுட்டுத் திரும்பி வர்ற மாதிரி, போட்டவன் வேலை முடிஞ்சுது, லெட்டர் இன்னும் பெட்டியிலதான் கிடக்கு. டிஸ்க்ல நிஜமா எழுதுறது பின்னாடி ஓடுற ஃப்ளஷர் த்ரெட்டோட வேலை.

அந்தப் பின்னாடி வேலை எப்ப ஆரம்பிக்கும்னு கெர்னல்ல கணக்கு இருக்கு. ஃப்ளஷர் 5 செகண்டுக்கு ஒருதரம் முழிச்சு, டர்ட்டி ஆகி 30 செகண்ட் தாண்டின பேஜ் எல்லாத்தையும் அனுப்பும். அதுக்கு முன்னாடியே டர்ட்டி பேஜ் மொத்தம் கிடைக்கக்கூடிய மெமரியில 10% தாண்டினா உடனே கிளம்பும். 20% தொட்டா விஷயம் வேற, எழுதுற ப்ரோக்ராமையே பிடிச்சு நிறுத்தி வைக்கும். இதெல்லாம் டீஃபால்ட் நம்பர்தான், மாத்திக்கலாம்.

இப்ப உங்க மெஷின்ல 16 ஜி.பி. ராம் இருந்து அதுல 15 ஜி.பி. ஃப்ரீன்னு வச்சுக்கோங்க. 20% னா 3 ஜி.பி. உங்க பென்டிரைவ் நிஜத்துல செகண்டுக்கு 10 எம்.பி.தான் எழுதும்னா, காப்பி விண்டோ 100% காட்டுற நேரத்துல 3 ஜி.பி. ராம்லயே உக்காந்திருக்கலாம், அது இறங்க 300 செகண்ட், அதாவது 5 நிமிஷம். எஜெக்ட்ல நீங்க காத்திருக்கிறது இதுக்குத்தான். நடுவுல பிடுங்கிட்டீங்கன்னா வீடியோ பாதியில நிக்கும், சமயத்துல பென்டிரைவே திறக்காது.

கண்ணால பாக்கணும்னா ப்ராக் ஃபோல்டருக்குள்ள இருக்கிற மெம்இன்ஃபோ ஃபைலை செகண்டுக்கு ஒருதரம் ரிஃப்ரெஷ் ஆகுற மாதிரி வாட்ச் கமாண்ட்ல ஓட விட்டுட்டு காப்பி பண்ணுங்க. "டர்ட்டி"ங்கிற வரி மளமளன்னு ஏறும், "ரைட்பேக்"ங்கிற வரி கொஞ்சமா ஆடும், காப்பி முடிஞ்சாச்சுன்னு விண்டோ சொன்னதுக்கு அப்புறம் டர்ட்டி நிதானமா இறங்கும். அந்த இறங்குற வேகம்தான் உங்க பென்டிரைவோட உண்மையான வேகம்.

மத்த ப்ரோக்ராம் தொங்குறதுக்குக் காரணமும் இங்கதான் இருக்கு. பழைய கெர்னல்ல வரம்பு தாண்டினா எழுத வந்த ஒவ்வொரு ப்ரோக்ராமும் தானே டிஸ்க்ல இறங்கி ஃப்ளஷ் பண்ண ஆரம்பிச்சுடும், ஆளுக்கொரு பக்கம் இழுத்து இன்னும் மோசமாகும். 2012 ஆரம்பத்துல வந்த 3.2 கெர்னல்ல இதை மாத்தி, இவ்வளவு மில்லிசெகண்ட் தூங்குன்னு கணக்குப் போட்டு ஒவ்வொண்ணையும் தூங்க வைக்கிற முறை வந்துச்சு. 2017-ல 4.10-ல, பின்னாடி நடக்கிற ரைட்பேக் டிஸ்க் க்யூவை மொத்தமா அடைச்சுக்காம கட்டுப்படுத்துற த்ராட்டிலிங் வந்துச்சு, அதனால நீங்க கிளிக் பண்ணி ஒரு ஃபைலைத் திறக்கிறப்போ அந்த ரீட் வரிசையில கடைசியில நிக்க வேண்டியதில்ல. இருந்தாலும் ஸ்லோவான யூஎஸ்பியும் நிறைய ராமும் சேர்ந்தா இப்பவும் இடிக்குது.

வழி என்னன்னா, சதவீதத்துக்குப் பதிலா பைட் கணக்குல வரம்பு வைங்க. மேல சொன்ன 10%-க்குப் பதிலா டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ் 16 எம்.பி., 20%-க்குப் பதிலா டர்ட்டி பைட்ஸ் 48 எம்.பி.ன்னு வச்சுட்டா காப்பி விண்டோ ஓரளவு உண்மை பேச ஆரம்பிக்கும். ஆனா ஒண்ணு, இது எல்லா டிஸ்குக்கும் பொதுவான செட்டிங், உங்க உள்ள இருக்கிற எஸ்எஸ்டியில பெரிய பெரிய ஃபைலா எழுதுற வேலை இருந்தா அதுக்கு 48 எம்.பி. ரொம்பக் குறைச்சல். டெஸ்க்டாப்புக்கு ஓகே, சர்வர்ல கண்ணை மூடிக்கிட்டு இதைப் போடாதீங்க.

கேள்வி: டிடி கமாண்ட் வச்சு டெஸ்ட் பண்ணேன், என்னோட பழைய ஹார்ட் டிஸ்க் செகண்டுக்கு 2 ஜி.பி. எழுதுதாம். நம்பலாமா?

நம்பாதீங்க. அளந்தது ஹார்ட் டிஸ்கை இல்ல, ராமை. அதே கமாண்ட்ல கான்வ் ஈக்குவல் எஃப்சிங்க் (conv=fsync) ஆப்ஷன் சேத்துப் போடுங்க, கடைசில எல்லாம் டிஸ்க்ல இறங்குற வரைக்கும் காத்திருந்து அந்த நேரத்தையும் சேத்து வேகத்தைச் சொல்லும். பாவம் டிஸ்க், நூத்திச் சொச்சம் எம்.பி.யிலதான் வந்து நிக்கும்.

கேள்வி: அண்ணா, எஸ்க்யூலைட்ல ஒரு லட்சம் ரெக்கார்ட் போடுறேன், ஒரு ஒரு ரெக்கார்டா இன்சர்ட். சிபியூ சும்மா இருக்கு, டிஸ்க்ல டேட்டா மொத்தமே சில எம்.பி.தான், ஆனா அரை மணி நேரத்துக்கு மேல ஓடுது. ஃபைல் சிஸ்டத்தை மாத்தினா சரியாகுமா?

மாத்த வேணாம் தம்பி. நீங்க ட்ரான்சாக்ஷன் (முழுசா நடக்கணும், இல்லன்னா எதுவுமே நடக்கக்கூடாதுன்னு ஒண்ணா கட்டின வேலை) எதுவும் திறக்காம இன்சர்ட் போட்டா எஸ்க்யூலைட் ஒவ்வொரு இன்சர்ட்டையும் தனி ட்ரான்சாக்ஷனா எடுத்துக்கும், ஒவ்வொரு ட்ரான்சாக்ஷன் முடிவுலயும் எஃப்சிங்க் போடும், அதுவும் ஒண்ணு இல்ல, ஜர்னல் ஃபைலுக்கு (நடுவுல நின்னா மீட்கிறதுக்கான குறிப்பு), டேட்டாபேஸ் ஃபைலுக்குன்னு ரெண்டு மூணு. எஃப்சிங்க்னா "டிஸ்க்ல நிஜமா இறங்குற வரைக்கும் நான் இங்கயே நிக்கிறேன்"னு அர்த்தம். மேல சொன்ன பேஜ் கேஷ் சொகுசு எதுவும் இதுக்குக் கிடையாது.

கணக்குப் பாருங்க. 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 7200 சுத்து, செகண்டுக்கு 120, ஒரு சுத்துக்கு 8.3 மில்லிசெகண்ட். ஒரே இடத்துல எழுதிட்டு மறுபடி அதே இடத்துல எழுதணும்னா தட்டு ஒரு முழு சுத்து சுத்தி வரணும், அதனால செகண்டுக்கு நூத்திச் சொச்சம் எஃப்சிங்க் மேல தாங்காது, ட்ரான்சாக்ஷனுக்கு ரெண்டு எஃப்சிங்க்னா 60. ஒரு லட்சத்தை 60 ஆல வகுத்தா 1,666 செகண்ட், 27 நிமிஷத்துக்கு மேல. உங்க "அரை மணி நேரம்" எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுதா? எஸ்க்யூலைட்காரங்களே அவங்க கேள்வி பதில் பக்கத்துல இதைத்தான் சொல்றாங்க, சாதாரண டெஸ்க்டாப்ல செகண்டுக்கு 50,000 இன்சர்ட் ஈஸியா போகும், ஆனா ட்ரான்சாக்ஷன் சில டஜன்தான்னு.

அதனால ஆயிரம் ஆயிரமா ரெக்கார்டை ஒரு ட்ரான்சாக்ஷன்ல கட்டுங்க, பிகின் போட்டு ஆரம்பிச்சு கமிட் போட்டு முடிங்க, அவ்வளவுதான். எஃப்சிங்க் எத்தனை நடக்குதுன்னு எஸ்ட்ரேஸ் டூல்ல (ப்ரோக்ராம் கெர்னலைக் கூப்பிடுறதைக் காட்டுறது) கவுண்ட் ஆப்ஷன் போட்டு மாத்துறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எண்ணிப் பாருங்க. ஒரு ஒரு ரெக்கார்டும் தனித்தனியாத்தான் வரும், கட்ட முடியாதுன்னா வால் (WAL) மோடுக்கு, அதாவது மாற்றத்தை முதல்ல தனி லாக் ஃபைல்ல எழுதுற முறைக்கு மாறி சிங்க்ரனஸ் செட்டிங்கை நார்மல்னு வைங்க. அப்ப கமிட்டுக்குக் கமிட் எஃப்சிங்க் இருக்காது, லாக்ல இருக்கிறதை டேட்டாபேஸ் ஃபைலுக்கு மாத்துற செக்பாயிண்ட் நேரத்துல மட்டும்தான். கரண்ட் போனா கடைசியா போட்ட கொஞ்சம் ரெக்கார்ட் காணாம போகலாம், ஆனா டேட்டாபேஸ் கெட்டுப்போகாது. பணக் கணக்குன்னா வேணாம், சென்சார் ரீடிங்னா தாராளமா.

கெர்னலும் தன் பங்குக்கு இதுல உதவி பண்ணுது. நாலு ப்ரோக்ராம் ஒரே நேரத்துல எஃப்சிங்க் கேட்டா இஎக்ஸ்டி4 (லினக்ஸ்ல பரவலா இருக்கிற ஃபைல் சிஸ்டம்) நாலுக்கும் தனித்தனியா ஜர்னல் கமிட் பண்ணாம, கொஞ்சம் பொறுத்து எல்லாத்தையும் ஒரே கமிட்ல ஏத்திடும். ஆனா உங்க ப்ரோக்ராம்ல ஒரே ஒரு த்ரெட், அது ஒவ்வொண்ணா காத்திருந்து கேக்குது, சேத்துக்க கெர்னலுக்கு வேற ஆளே இல்ல.

இதுல ஒரு கிளைக்கதை. இதே ப்ரோக்ராம் மேக்ல மட்டும் பறக்குதுன்னு நிறைய பேர் எழுதுவாங்க. அங்க எஃப்சிங்க் டேட்டாவை டிரைவ் வரைக்கும் அனுப்பும், ஆனா டிரைவோட சொந்த கேஷ்லேர்ந்து நிரந்தரமா இறக்குன்னு கட்டளை போடாது, அதுக்கு ஃபுல் எஃப்சிங்க்னு தனியா கேக்கணும். வேகம் வந்த வழி அதுதான். சர்வருக்குன்னு விக்கிற எஸ்எஸ்டியில எஃப்சிங்க் வேகமா இருக்கிறது வேற கதை, அதுல கரண்ட் போனாலும் கேஷ்ல இருக்கிறதை எழுதி முடிக்கிற அளவுக்கு கெபாசிட்டர் இருக்கும், அதனால டிரைவ் தைரியமா உடனே "ஆச்சு" சொல்லலாம்.

கேள்வி: நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஸ்டூடண்ட் மேம்/சார். எம்ஐடியோட எக்ஸ்வி6 கெர்னல்ல ஃபைல் சிஸ்டம் ரைட் வேகத்தைக் கூட்டுறதுதான் என் ப்ராஜெக்ட். எங்க கை வைக்கணும்னே தெரியல, கோட் சின்னதா இருக்கு, ஸ்லோவான இடம் எதுன்னு கண்ணுக்குத் தெரியல.

இந்தத் தடவை வந்ததுலயே எனக்குப் பிடிச்ச கேள்வி. எக்ஸ்வி6 பாடம் நடத்த எழுதின குட்டி கெர்னல், கோட் சின்னதா இருக்கிறது உங்க அதிர்ஷ்டம், லினக்ஸ்ல இதையே தேடினா மாசக்கணக்கு ஆகும்.

ஃபைல் டாட் சி திறந்து ஃபைல்ரைட் ஃபங்ஷனைப் பாருங்க. ஒரு ட்ரான்சாக்ஷனுக்கு அதிகபட்சம் 10 ப்ளாக்னு மேக்ஸ்ஆப்ப்ளாக்ஸ்ல வரம்பு, அதுல ஐநோடுக்கு (ஃபைலோட விவரம் இருக்கிற இடம்) 1, இன்டைரக்ட் ப்ளாக்குக்கு (பெரிய ஃபைலோட மீதி ப்ளாக் எங்க இருக்குங்கிற பட்டியல்) 1, முன்ன பின்ன இழுத்தா சமாளிக்க 2 கழிச்சுட்டு, மீதி 6-ஐ பிட்மேப் (எந்த ப்ளாக் காலிங்கிற பட்டியல்) செலவுக்காக ரெண்டால வகுத்தா 3. அதாவது நீங்க எவ்வளவு பெரிய பஃபரை ஒரே ரைட் கால்ல கொடுத்தாலும் உள்ள அது 3 ப்ளாக் 3 ப்ளாக்கா, 3 கே.பி. துண்டா நறுக்கப்படுது, ஒவ்வொரு துண்டும் ஒரு தனி ட்ரான்சாக்ஷன்.

ஒரு துண்டுக்கு ஆகுற செலவை எண்ணுங்க. டேட்டா 3, பிட்மேப் 1, ஐநோடு 1, இன்டைரக்ட் 1, மொத்தம் 6 ப்ளாக். கமிட் வந்தா இந்த 6-ஐயும் முதல்ல லாக்ல (க்ராஷ் ஆனா மீட்க, முன்கூட்டி எழுதி வைக்கிற தனி இடம்) எழுதும், அப்புறம் லாக்ல என்னென்ன ப்ளாக் இருக்குன்னு சொல்ற லாக் ஹெட்டர் 1, அப்புறம் அதே 6-ஐயும் சொந்த இடத்துல எழுதும், அப்புறம் ஹெட்டரை அழிக்க இன்னொரு 1. ஆகமொத்தம் 14. எக்ஸ்வி6-ல ஒரு ஃபைல் அதிகபட்சம் 268 ப்ளாக், அந்த ஃபைலை முழுசா எழுதினா 90 ட்ரான்சாக்ஷன், கிட்டத்தட்ட 1,250 ப்ளாக் ரைட். நிஜ டேட்டா 268 தான்! அதுவும் ஒவ்வொரு ரைட்டும் டிஸ்க் பதில் சொல்ற வரைக்கும் தூங்கிட்டு அப்புறம்தான் அடுத்தது கிளம்பும்.

முதல் வேலை, அந்த 10-ஐ 80 ஆக்குங்க. ஒரு ட்ரான்சாக்ஷனுக்கு 38 டேட்டா ப்ளாக் போகும், 268-க்கு 8 ட்ரான்சாக்ஷன், மொத்த ரைட் 600 கிட்ட வந்துடும். ஒரு நம்பரை மாத்தினதுலயே பாதிக்குப் பாதி குறைஞ்சுது. உற்சாகத்துல 100-ன்னு போட்டுடாதீங்க, லாக் சைஸ் இதுக்கு மூணு மடங்கு, 300 ப்ளாக் நம்பர் ஒரு 1,024 பைட் ஹெட்டர் ப்ளாக்குக்குள்ள அடங்காது, பூட் ஆகுறப்பவே "டூ பிக் லாக்ஹெட்டர்"னு பேனிக் ஆகி நின்னுடும். பழைய டிஸ்க் இமேஜை அழிச்சுட்டு புதுசா கட்டவும் மறக்காதீங்க. வெர்ஷனுக்கு வெர்ஷன் நம்பர் கொஞ்சம் மாறும், நான் சொல்றது ரிஸ்க்-5 சிபியூவுக்கான வெர்ஷனை வச்சு.

ரெண்டாவது, டேட்டாவை ஏன் ரெண்டு தடவை எழுதணும்? டேட்டா ப்ளாக்கை நேரா அதோட இடத்துல எழுதி முடிச்சுட்டு, மெட்டாடேட்டாவை (ஐநோடு, பிட்மேப் மாதிரி நிர்வாக விவரம்) மட்டும் லாக்ல போட்டு கமிட் பண்ணுங்க. இஎக்ஸ்டி4-ல டீஃபால்ட்டா இருக்கிற ஆர்டர்ட் மோட் இதேதான். வரிசை முக்கியம், டேட்டா இறங்கின பிறகுதான் கமிட், இல்லன்னா க்ராஷ் ஆச்சுன்னா ஐநோடு குப்பையைக் காட்டும். இன்னொரு குழி இருக்கு, இன்னும் கமிட் ஆகாத ட்ரான்சாக்ஷன்ல ஃப்ரீ ஆன ப்ளாக்கை எடுத்து புது டேட்டாவுக்குக் கொடுத்துட்டா, அப்ப கரண்ட் போனா அழிக்காத பழைய ஃபைலுக்குள்ள வேறொருத்தர் டேட்டா இருக்கும். ப்ராஜெக்ட் வைவால இதைத்தான் கேப்பாங்க, தயாரா போங்க.

மூணாவது, லாக் ப்ளாக் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா அனுப்பி ஒண்ணொண்ணா காத்திருக்காம, மொத்தமா அனுப்பிட்டு கடைசில ஒருதரம் காத்திருங்க. இங்கதான் ஒரு வேடிக்கை, டிஸ்கோட பேசுற விர்ட்ஐஓ டிரைவர்ல டிஸ்கிரிப்டர் (ரிக்வெஸ்ட்டை எழுதிக் கொடுக்கிற சீட்டு மாதிரி) 8 தான், ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு 3 வேணும், அதனால நீங்க மேல எவ்வளவு சாமர்த்தியமா எழுதினாலும் ஒரே சமயத்துல 2 ரிக்வெஸ்ட்தான் போகும். அந்த 8-ஐ ஏத்தாம இந்தப் படி பலன் தராது. எத்தனை பேர் இதைக் கவனிக்காம "அசிங்க்ரனஸ் பண்ணியும் வேகம் வரல"ன்னு ரிப்போர்ட் எழுதியிருப்பாங்களோ.

அப்புறம் சில்லறை: காலி ப்ளாக் தேடுற பிஅலாக் ஒவ்வொரு தடவையும் பிட்மேப்பை பூஜ்யத்துலேர்ந்து தேடுது, கடைசியா கொடுத்த இடத்தை ஞாபகம் வச்சு அங்கேர்ந்து தேடச் சொல்லுங்க, பக்கத்துப் பக்கத்துல ப்ளாக் கிடைக்கிற நன்மையும் சேர்ந்து வரும். பஃபர் கேஷுக்கு ஒரே பூட்டு, அதை ஹாஷ் பக்கெட்டுக்கு ஒண்ணா பிரிக்கலாம், ஆனா அது பல சிபியூ ஓடுறப்பதான் தெரியும்.

கடைசியா பெரிய முடிவு ஒண்ணு. லினக்ஸ் மாதிரி கமிட்டைத் தள்ளிப்போட்டு, இஎக்ஸ்டி4 மாதிரி 5 செகண்டுக்கு ஒருதரம் பண்ணா வேகம் பிச்சுக்கும். ஆனா எக்ஸ்வி6-ல எஃப்சிங்க்னு ஒரு சிஸ்டம் காலே கிடையாது, ரைட் திரும்பினா பொதுவா கமிட்டும் ஆகியிருக்கும்கிறதால தேவைப்படல. தள்ளிப்போடுறீங்கன்னா எஃப்சிங்க்கை நீங்களே எழுதிச் சேக்கணும், அது இல்லாம இந்த மாற்றத்தை வேகம்னு காட்டினா நான் மார்க் போட மாட்டேன்.

இதெல்லாம் புதுசும் இல்ல. 1984-ல பெர்க்லி யூனிக்ஸ் ஆளுங்க ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம் பத்தி எழுதின பேப்பரைத் தேடிப் படிங்க. 512 பைட் ப்ளாக் வச்ச பழைய ஃபைல் சிஸ்டம் டிஸ்கோட வேகத்துல 2% தான் வாங்கிட்டிருந்துச்சு, அவங்க பெரிய ப்ளாக், சம்பந்தப்பட்டதைப் பக்கத்துல வைக்கிறதுன்னு மாத்தி 47% வரைக்கும் கொண்டுவந்தாங்க. டிஸ்கை மாத்தல, கெர்னல் கோடை மட்டும்தான் மாத்தினாங்க.

கேள்வி: நான் எழுத மட்டும்தான் செய்றேன், ஆனா டிஸ்க்ல ரீட் நடக்குதுன்னு ஐஓஸ்டாட் காட்டுது. பேய் பிடிச்சிருக்கா?

பேய் இல்ல, பாதிப் பேஜ். பேஜ் கேஷ்ல பேஜ் அளவு 4 கே.பி. நீங்க பழைய ஃபைல் நடுவுல 100 பைட்டை மட்டும் மாத்தினா, அந்த பேஜ் மெமரியில இல்லன்னா மீதி 3,996 பைட்டுக்கு கெர்னல் எங்க போகும்? டிஸ்க்லேர்ந்து படிச்சுட்டு வந்து, உங்க 100 பைட்டை அதுல ஒட்டி, டர்ட்டி ஆக்கும். முழு 4 கே.பி.யா, எல்லை பாத்து எழுதினீங்கன்னா படிக்கத் தேவையில்ல.

கேள்வி: ஒரே ஃபைல்ல நாலு த்ரெட் வச்சு எழுதுறேன், ஒரு த்ரெட் வேகம்தான் வருது.

அந்த ஃபைலோட ஐநோடுக்கு ஒரு பூட்டு இருக்கு, சாதாரண ரைட் போடுறவங்க அதை முழுசா பிடிச்சுக்குவாங்க, மத்த மூணு பேர் வாசல்ல நிப்பாங்க. நாலு ஃபைலா பிரிங்க, இல்லன்னா ஒரே த்ரெட் பெரிய பெரிய பஃபரா எழுதட்டும். டேட்டாபேஸ் மாதிரி சொந்த கேஷ் வச்சிருந்தா எக்ஸ்எஃப்எஸ்ங்கிற ஃபைல் சிஸ்டத்துல டைரக்ட் ஐஓ (பேஜ் கேஷைத் தாண்டி நேரா டிஸ்குக்கு எழுதுறது) போங்க, அங்க ஒரே ஃபைல்ல வேற வேற இடத்துல ஒரே சமயம் எழுத விடும். மத்தவங்களுக்கு டைரக்ட் ஐஓ வேணாம், பேஜ் கேஷ் செய்ற வேலையெல்லாம் நீங்க செய்ய வேண்டி வரும்.

கேள்வி: மவுண்ட் ஆப்ஷன்ல டேட்டா ஈக்குவல் ரைட்பேக், பேரியர் ஈக்குவல் 0, கமிட் ஈக்குவல் 60, நோஏடைம் இதெல்லாம் போட்டா சர்வர் பறக்கும்னு ஒரு நண்பர் சொல்றார். போடலாமா?

நாலையும் ஒரே தட்டுல வைக்காதீங்க.

நோஏடைம் (ஃபைலைப் படிச்ச நேரத்தைக் குறிக்காதேங்கிறது) போடலாம், ஆபத்தில்ல, ஆனா பெருசா பறக்காது. 2009-லேர்ந்தே கெர்னல்ல ரெல்ஏடைம் (தேவைப்படுறப்ப மட்டும் குறிக்கிறது) டீஃபால்ட், படிக்கிறப்பல்லாம் நேரத்தை எழுதுற பழைய வழக்கம் அப்பவே போயிடுச்சு.

கமிட் 60 போட்டா, எஃப்சிங்க் போடாத ப்ரோக்ராமோட ஒரு நிமிஷ வேலை போகத் தயாரா இருக்கணும். எஃப்சிங்க் போடுற டேட்டாபேஸுக்கு இதனால பிரயோஜனமே இல்ல, ஏன்னா அது 5 செகண்டுக்கோ 60 செகண்டுக்கோ காத்திருக்கிறதில்ல, கேட்ட உடனே கமிட் ஆகும். உங்க சர்வர் ஸ்லோவா இருக்கிறதே எஃப்சிங்க்காலன்னா இது வேற வீட்டுக் கதவைத் தட்டுற கதை.

டேட்டா ஈக்குவல் ரைட்பேக்ல டேட்டாவுக்கும் மெட்டாடேட்டாவுக்கும் நடுவுல இருந்த வரிசைக் கட்டுப்பாடு போயிடும். க்ராஷ் ஆனா ஃபைல் சைஸ் சரியா இருக்கும், உள்ள யாரோ எப்பவோ அழிச்ச பழைய டேட்டா இருக்கலாம். பல பேர் யூஸ் பண்ற சர்வர்ல இது பாதுகாப்புப் பிரச்சினையும்தான்.

பேரியர் 0 மட்டும் வேணவே வேணாம். பேரியர்ங்கிறது "ஜர்னல் பதிவு டிஸ்க்ல நிரந்தரமா இறங்கின பிறகுதான் கமிட் முத்திரை"ன்னு டிரைவைக் கட்டாயப்படுத்துற கட்டளை. அதை எடுத்துட்டா டிரைவ் தன் இஷ்டத்துக்கு வரிசை மாத்தி எழுதும், கரண்ட் போனா முத்திரை இருக்கும், பதிவு இருக்காது, ஃபைல் சிஸ்டமே கெடும். பேட்டரி வச்ச ரெய்டு கார்டு இருந்தா போடலாம்னு சொல்லுவாங்க, இப்ப அதுக்கும் தேவை குறைவு. எக்ஸ்எஃப்எஸ்காரங்க 4.19 கெர்னல்ல இந்த ஆப்ஷனையே தூக்கிட்டாங்க, எனக்கு அது சரின்னுதான் படுது.

தள்ளிப்போடுறதோட விலை என்னன்னு 2009-ல இஎக்ஸ்டி4 புதுசா வந்தப்பவே நிறைய பேர் பாத்தாச்சு. இஎக்ஸ்டி3-ல 5 செகண்ட்ல டேட்டா இறங்கிடும், இஎக்ஸ்டி4-ல டிஸ்க்ல எங்க வைக்கிறதுன்னு முடிவெடுக்கிறதையே தள்ளிப்போடுற டிலேய்ட் அலோகேஷன் வந்துச்சு, வேகத்துக்கும் துண்டு துண்டாகாம இருக்கவும் அருமையான விஷயம். ஆனா எஃப்சிங்க் போடாம கான்ஃபிக் ஃபைலை மாத்தி எழுதின டெஸ்க்டாப் ப்ரோக்ராமுக்கெல்லாம், மெஷின் க்ராஷ் ஆகி எழுந்தா ஃபைல் 0 பைட்ல கிடந்துச்சு. தப்பு ப்ரோக்ராம்மேலயா கெர்னல்மேலயான்னு பெரிய சண்டை. கடைசில 2.6.30-ல, புது ஃபைலை எழுதி பழசு மேல ரீநேம் பண்ணா கெர்னலே டேட்டாவை முன்கூட்டி இறக்கிடுற மாதிரி விட்டுக்கொடுத்தாங்க. அப்படியிருந்தும் நீங்க ப்ரோக்ராம் எழுதுறவர்னா தற்காலிக ஃபைல்ல எழுது, எஃப்சிங்க், ரீநேம், அப்புறம் அந்த ஃபோல்டருக்கும் ஒரு எஃப்சிங்க்னு முழு வரிசையும் செய்ங்க.

கேள்வி: புது எஸ்எஸ்டி, முதல் சில ஜி.பி. அட்டகாசமா எழுதுது, அப்புறம் ஹார்ட் டிஸ்க் மாதிரி ஆயிடுது. கெர்னல்ல ஏதாவது மாத்தணுமா?

கெர்னல்ல ஒண்ணும் இல்ல. வீட்டு உபயோக எஸ்எஸ்டியில கொஞ்சம் இடத்தை ஒரு செல்லுக்கு ஒரு பிட் கணக்குல வேகமான கேஷா வச்சிருப்பாங்க, அது நிறைஞ்சதும் ஒரு செல்லுல மூணு நாலு பிட் திணிக்கிற நிஜ வேகம் தெரியும். கொஞ்ச நேரம் சும்மா விட்டா டிரைவ் உள்ளயே நகர்த்தி இடம் பண்ணிக்கும். நீங்க பாக்க வேண்டியது ரெண்டு, டிஸ்க் கழுத்து வரைக்கும் நிறையாம இருக்கணும், அழிச்ச இடம் எதுன்னு டிரைவுக்குச் சொல்ற எஃப்ஸ்ட்ரிம் வாரம் ஒருதரம் ஓடணும். பெரும்பாலான டிஸ்ட்ரோல அது தானா ஓடும், டைமர் ஆன்ல இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க.

கேள்வி: எங்க ப்ரோக்ராம்ல எஃப்சிங்க் எரர் கொடுத்தா மறுபடி ஒருதரம் கூப்பிடுற மாதிரி லூப் எழுதியிருக்கோம். ரெண்டாவது தடவை சக்சஸ் வருது. வேகத்துக்கும் பாதிப்பில்ல. இது சரிதானே?

சரியில்ல, இன்னைக்கே எடுத்துடுங்க. 2018-ல போஸ்ட்க்ரெஸ் டேட்டாபேஸ்காரங்க இதே குழியில விழுந்து எழுந்தாங்க. டிஸ்க்ல எழுதுறது தோத்துப்போனா லினக்ஸ்ல அந்த பேஜ் மேல இருக்கிற டர்ட்டி கொடி எடுக்கப்பட்டுடலாம், எரரை உங்ககிட்ட ஒருதரம் சொல்லிடும். நீங்க மறுபடி எஃப்சிங்க் போட்டா, எழுத வேண்டிய டர்ட்டி பேஜ் எதுவும் இல்லையேன்னு கெர்னல் சக்சஸ் கொடுக்கும். டேட்டா டிஸ்க்ல இல்ல, மெமரியில மட்டும் இருக்கு, அந்த பேஜை கெர்னல் வெளிய தள்ளிட்டா அதுவும் போச்சு.

2019 பிப்ரவரியில போஸ்ட்க்ரெஸ் எடுத்த முடிவு, எஃப்சிங்க் தோத்தா பேனிக் ஆகி நின்னு, வால் லாக்லேர்ந்து மறுபடி எல்லாத்தையும் கட்டு. உங்ககிட்ட அந்த மாதிரி லாக் இருந்தா அதையே செய்ங்க. இல்லன்னா டேட்டா உங்க ப்ரோக்ராம் மெமரியில இன்னும் இருக்கிறப்பவே அதை முழுசா வேற ஃபைல்ல, முடிஞ்சா வேற டிஸ்க்ல, மறுபடி ரைட் போட்டு எழுதி அதுக்கு எஃப்சிங்க் போடுங்க, அதுக்கப்புறம் கெர்னல் லாக்ல ஐஓ எரர் வந்திருக்கான்னு பாருங்க, வந்திருந்தா அந்த டிஸ்கை மாத்துற நேரம் வந்தாச்சு.